பேறு பெற்றவர் தந்தை தமியான்

மணமக்களை வாழ்த்தும் பெரியோர், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்துவது நம் மரபு. அப்பதினாறு பேறுகளுள் கல்வி உண்டு, பொருள் உண்டு, நன்மக்கள் உண்டு, நீண்ட ஆயுள் உண்டு, நோயின்மையும் உண்டு. இவற்றைப் பெற்றவனை இறையருள் பெற்றவன் என்று உலகம் போற்றுகிறது. இவற்றை இழந்தவனைக் கண்டால், முன்செய்த தீவினை என்றோ தெய்வத்தின் சாபம் என்றோ சொல்லி ஒதுங்கிக் கொள்கிறது. இவ்வெண்ணம் ஒரு நாட்டுக்கோ ஒரு சமயத்துக்கோ மட்டும் உரியதன்று. உலகெங்கும் பரவியுள்ள எண்ணமே ஆகும்.

இயேசு பெருமான் மலைமீது அமர்ந்து ஆற்றிய பொழிவு மத்தேயு எழுதிய நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. அங்கும் பேறு பெற்றோர் பட்டியல் ஒன்று தரப்படுகிறது. ஆனால் அப்பட்டியலில் செல்வர் இல்லை, வலியோர் இல்லை, உடல்நலம் மிக்கோரும் இல்லை. எளிய மனத்தோர், துயருறுவோர், சாந்த குணமுடையோர், நீதிக்காக ஏங்குவோர், இரக்கமுடையோர், தூய உள்ளத்தோர், அமைதி காண உழைப்போர், நீதியின் பொருட்டுத் துன்புறுவோர் ஆகியோரே அங்குப் பேறு பெற்றோராக எண்ணப்படுகின்றனர்.

படிப்போர்க்கு இது முதலில் வியப்பையே தரும். துயருறுவோன் எவ்வாறு பேறு பெற்றவன் ஆவான்? பிறரால் இழித்துரைக்கப்படுவோன் எவ்வாறு இறைவனின் ஆசி பெற்றவன் ஆவான்? இவ்வினாவிற்கு ஏட்டைப் புரட்டி விடை தேடுவதைவிட, அதனை வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாற்றில் விடை தேடுவது எளிது. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு சிறு தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே இறந்த தந்தை தமியானின் வரலாறு அத்தகையது.

பிறப்பும் இளமையும்

பெல்ஜியம் நாட்டில் டிரெமெலோ என்னும் சிற்றூரில் 1840-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. குடும்பப் பெயர் தெ வூஸ்டர். தந்தையார் தானிய வணிகம் செய்தவர். வசதி மிகுந்த குடும்பம் என்று கூற முடியாவிடினும், உழைப்பும் இறைப்பற்றும் நிறைந்த குடும்பம். மக்கள் எண்மருள் யோசேப்பு ஏழாமவர். இரு தமக்கையர் துறவு பூண்டு கன்னியர் மடம் புகுந்தனர். அண்ணன் ஒருவரும் பம்பீல் என்னும் துறவுப் பெயரோடு லூவேன் நகரில் இருந்த ஒரு துறவற சபையில் சேர்ந்தார்.

உடல் வலிமை மிக்க இளைஞராகிய யோசேப்பைத் தம் வணிகத்திற்கு வாரிசாக்கத் தந்தையார் விரும்பினார். பிரெஞ்சு மொழி பயின்று வருமாறு அவரை வேற்றூர்ப் பள்ளிக்கும் அனுப்பினார். ஆனால் மகனின் உள்ளம் வணிகத்தில் ஒட்டவில்லை. 1859-இல் அவர் அண்ணன் இருந்த அதே சபையில் சேர்ந்தார். இயேசு மரியாவின் திரு இருதயங்களின் சபை என்பது அதன் பெயர். அங்கு அவர் ஏற்ற பெயரே தமியான்.

தொடக்கத்தில் மேலாளர்கள் அவரைக் குருப் பட்டத்திற்குரியவராகக் கருதவில்லை. போதிய கல்வியில்லை, இலத்தீன் தெரியாது, எனவே உடலுழைப்புக்குரிய பணிகளைச் செய்யும் சகோதரராக இருக்கட்டும் என்று எண்ணினர். தமியான் மனம் தளரவில்லை. ஓய்வு நேரங்களில் அண்ணனிடமே இலத்தீன் கற்றார். அவருடைய விரைந்த முன்னேற்றத்தைக் கண்ட பின்னரே மேலாளர்கள் மனம் மாறினர். பிற்காலத்தில் தச்சு வேலையும் மண் வேலையும் செய்து மக்களைக் காத்த கைகளுக்கு இந்த எளிய தொடக்கம் பொருத்தமானதே எனலாம்.

அண்ணனுக்கு மாற்றாக

1863-இல் ஹவாய்த் தீவுகளுக்கு மறைப்பணி செய்ய அச்சபையினர் சிலரை அனுப்ப முடிவாயிற்று. அவர்களுள் பம்பீலும் ஒருவர். பயண ஏற்பாடுகள் முடிந்த நிலையில் பம்பீல் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். அப்பொழுது தமியான் இன்னும் குருப் பட்டம் பெறாத மாணவர். எனினும் அண்ணனின் இடத்தில் தம்மை அனுப்புமாறு பாரிசிலிருந்த சபைத் தலைவருக்கு நேரே மடல் எழுதினார். உள்ளூர் மேலாளரைக் கேளாமல் தலைவருக்கு எழுதியது முறையன்று என்று சிலர் வருந்தினர். ஆனால் இசைவு கிடைத்தது.

தாயிடம் விடைபெற்றுக் கப்பலேறிய மகனுக்கு வயது 23. பின்னர் அவர் தாய்நாட்டை மீண்டும் காணவில்லை, தாயையும் காணவில்லை. கடலில் பல திங்கள் கழித்து, 1864 மார்ச்சு 19-ஆம் நாள் ஹொனலூலுத் துறைமுகத்தில் இறங்கினார். அவ்வாண்டு மே 21-ஆம் நாள் அந்நகரப் பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அடுத்த ஒன்பதாண்டுக் காலம் ஹவாய் என்றே பெயர் கொண்ட பெருந்தீவில் அவர் பணியாற்றினார். எரிமலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த அப்பகுதியில் குதிரை மீதும் கால்நடையாகவும் சென்று மக்களைச் சந்தித்தார். அவர்களுடைய மொழியைக் கற்றார். தம் கைகளாலேயே மரம் அறுத்துச் சிற்றாலயங்கள் கட்டினார்.

பிரிக்கும் நோய்

ஹவாய் மக்கள் நெடுங்காலம் வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்தவர்கள். 1778-இல் குக் என்னும் ஆங்கிலக் கடலோடி அங்கு வந்த பின்னர், வணிகக் கப்பல்களும் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் வரத் தொடங்கின. அவற்றோடு அம்மக்களின் உடல் முன்பின் அறியாத நோய்களும் வந்தன. எதிர்ப்பு ஆற்றல் இல்லாமையால் மக்கள் பெருந்தொகையில் மடிந்தனர். அவ்வாறு வந்த நோய்களுள் தொழுநோயும் ஒன்று.

நோய் பரவக் கண்ட அரசு 1865-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஐந்தாம் கமேகமேகா மன்னர் ஒப்பமிட்ட அச்சட்டத்தின்படி, தொழுநோயாளர் என்று ஐயுறப்பட்டோர் பிடிக்கப்பட்டனர். நோய் உறுதியானோர் மொலோக்காய்த் தீவின் வடகரையிலுள்ள ஒரு நிலமுனைக்கு நாடு கடத்தப்பட்டனர். 1866 சனவரி 6-ஆம் நாள் முதற்குழுவாகப் பன்னிருவர் அங்குக் கொண்டு சென்று இறக்கப்பட்டனர். முப்புறமும் அலைகடல், எஞ்சிய ஒரு புறத்தில் சுவர்போல் செங்குத்தாக நிற்கும் உயர்ந்த மலை. சிறைச்சாலை கட்டும் செலவு அரசுக்கு இல்லாது போயிற்று. இயற்கையே சிறையை அமைத்து வைத்திருந்தது.

கணவனிடமிருந்து மனைவியும், தாயிடமிருந்து குழந்தையும் பிரிக்கப்பட்டனர். அதனால் அம்மக்கள் இந்நோய்க்குப் பிரிக்கும் நோய் என்றே பெயரிட்டனர். நோயின் வலியைவிடப் பிரிவின் வலியே பெரிதாயிருந்தது என்பதை இப்பெயர் காட்டும். பிரிய மனமில்லாத சிலர், தமக்கு நோய் இல்லாதிருந்தும், கணவனுக்கோ மனைவிக்கோ துணையாக அங்குச் சென்று தங்கினர். இத்தகைய துணைவர்களைக் கோகுவா என்று ஹவாய் மொழியில் அழைத்தனர். தமியான் செல்லும் முன்னரே அத்தீவில் அன்பு இருந்தது என்பதற்கு இவர்களே சான்று.

ஆயினும் அங்கு வாழ்வு கொடிதாயிருந்தது. நோயாளர் தாமே பயிரிட்டு உண்பர் என்று அரசு எண்ணியது. விரல்களை இழந்தோர் எவ்வாறு நிலத்தை உழுவர்? உணவு குறைவு, நீர் எளிதிற் கிட்டவில்லை, உறைவதற்குப் புல்வேய்ந்த குடிசைகளே. தங்கி மருத்துவம் செய்யும் மருத்துவர் இல்லை. நாளை என்பது இல்லையென்று அறிந்த சிலர் குடியிலும் சூதிலும் வீழ்ந்தனர்.

தாழை மரத்தின் அடியில்

1873 மே மாதத்தில் மவுயித் தீவில் ஓர் ஆலயத் திறப்பு விழா நடந்தது. குருக்கள் பலர் கூடியிருந்தனர். ஆயர் மெய்க்ரே அவர்கள் மொலோக்காய் நோயாளரின் நிலையை எடுத்துக் கூறினார். அவர்களுக்கு ஒரு குரு வேண்டும். ஆனால் அங்குச் செல்லுமாறு எவரையும் ஆணையிடத் தமக்கு மனமில்லை என்றார். நால்வர் முன்வந்தனர். சில திங்களுக்கு ஒருவராக மாறி மாறிச் செல்வதென முடிவாயிற்று. முதலில் சென்றவர் தமியான். 1873 மே 10-ஆம் நாள் அவர் கலாவாவோ குடியிருப்பில் காலடி வைத்தார். அப்பொழுது அவருக்கு வயது 33. அவர் முறை முடியவே இல்லை. பதினாறு ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

முதல் இரவுகளை அவர் ஒரு தாழை மரத்தின் அடியிலேயே கழித்தார். நோயாளரின் குடிசைகளில் தங்க வேண்டா என்று ஆயர் அறிவுரை கூறியிருந்தார். அங்கிருந்தோர் 600-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுடைய புண்களின் நாற்றம் தொடக்கத்தில் அவரால் தாங்க இயலாததாயிருந்தது. திருப்பலி நிறைவேற்றும் போதே மூச்சு முட்டி வெளியே ஓட வேண்டிய நிலை ஏற்பட்டதுண்டு. நாற்றத்தை மறைக்கச் சுருட்டுக் குழாய் புகைக்கப் பழகினார். இதனை அவர் மறைக்கவில்லை. மடல்களில் வெளிப்படையாகவே எழுதினார். அருவருப்பே தோன்றாத பிறவி அவர் அல்லர். அருவருப்பு தோன்றியும் விலகாமல் நின்றவர் அவர். அறம் என்பது தோன்றும் உணர்ச்சியில் இல்லை. அவ்வுணர்ச்சியின் மேல் மனிதன் எடுக்கும் முடிவில் இருக்கிறது என்பதை இங்கு நாம் காண்கிறோம்.

வந்த சில நாட்களிலேயே ஹொனலூலுச் செய்தித்தாள்கள் அவரைப் பெருவீரர் என்று புகழ்ந்தன. ஆனால் சுகாதார வாரியம் வேறு கண்கொண்டு நோக்கியது. அங்கேயே தங்குவதாயின் நோயாளருக்குரிய கட்டுப்பாடு குருவுக்கும் உண்டு. வெளியே வரலாகாது என்று அறிவித்தது. பின்னர் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆயினும் அது நிலவிய நாட்களில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நெஞ்சை உருக்குவது. அவருடைய சபை மேலாளர் ஒருவர் கப்பலில் அவ்வழியே வந்தார். கரையிறங்க அவருக்கு இசைவில்லை. தமியான் சிறு படகில் கப்பலருகே சென்றார். ஏறவும் இசைவில்லை. பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவது குருவுக்கும் கடமை. அதனைத் தனிமையில் செய்வதே முறை. வேறு வழியின்றித் தமியான் படகில் நின்றவாறே, கப்பலில் உள்ளோர் கேட்க, தம் குற்றங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். எளிய மனம் என்று மலைப்பொழிவு கூறுவது இதுவே போலும்.

கையால் செய்த இறைவேண்டல்

விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றினையும் கிறித்தவ மறை தலையாய நற்பண்புகளாகக் கொள்ளும். அவற்றுள்ளும் அன்பே பெரிது என்பது தூய பவுலடியாரின் முடிவு. தமியானின் வாழ்வில் இப்பண்புகள் சொற்களாக இருந்ததைவிட மரமாகவும் ஆணியாகவும் நீர்க்குழாயாகவும் இருந்தன என்று கூறலாம்.

முதலில் அவர் கருதியது இறந்தோரை. ஆழமின்றி ஏனோதானோவென்று புதைக்கப்பட்ட உடல்களை விலங்குகள் தோண்டும் நிலை இருந்தது. தமியான் ஆலயத்தின் அருகே இடுகாட்டிற்கு வேலியிட்டார். தாமே பலகை அறுத்துச் சவப்பெட்டி செய்தார். தாமே குழி வெட்டினார். நோயாளர் சேர்ந்து நல்லடக்கக் குழு ஒன்றையும் அமைக்கச் செய்தார். வாழும் போது ஒருவரும் தொடாத உடல், இறந்த பின்னராவது இசை முழங்க, நண்பர் சூழ, பெட்டியில் அடங்கிச் சென்றது. தம் சாவு மதிக்கப்படும் என்று அறிந்தவனுக்குத் தன் வாழ்வின் மேலும் மதிப்புப் பிறக்கும் அன்றோ?

அடுத்து நீர். பள்ளத்தாக்கில் ஊற்றிருந்தும், குடியிருப்பு வரை தூக்கி வர நோயாளருக்கு வலிமையில்லை. அரசை ஓயாது கேட்டுக் குழாய்கள் வருவித்தார். நடக்கக் கூடிய நோயாளரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு குழாய் பதித்து நீரை ஊருக்குள் கொண்டுவந்தார். தொழுநோயாளருக்கு நீர் என்பது தாகம் தீர்ப்பது மட்டுமன்று. புண் கழுவுவது, துணி துவைப்பது, மனிதனாக உணர்வது ஆகிய அனைத்தும் அதுவே.

1874-இல் வீசிய கடும்புயல் புற்குடிசைகளை வாரிச் சென்றது. அதனை வாய்ப்பாகக் கொண்டு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரவீடுகளுக்குப் பலகை வேண்டினார். வீடுகள் எழுந்தன, வெள்ளை பூசப்பட்டன, வீட்டைச் சுற்றித் தோட்டமும் வந்தது. பெற்றோரற்ற நோயுற்ற சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இல்லங்கள் அமைத்தார். பாடகர் குழுவும் இசைக்குழுவும் உருவாயின. தாம் வரும் முன்னரே 1872-இல் எழுந்திருந்த தூய பிலோமினாளின் சிற்றாலயத்தைப் பெரிதாக்கினார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது அன்றாடப் பணியாயிற்று. அவருடைய மதத்தைச் சேராதவர்க்கும் இவையெல்லாம் கிடைத்தன.

நோயாளரோடு ஒரே கலத்தில் கைவிட்டு, பொய் என அம்மக்கள் அழைக்கும் கிழங்குக் கூழை உண்டார். தம் புகைக் குழாயை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். மருத்துவ நோக்கில் இது அறிவுடைமை ஆகாது என்று கூறுவோர் உளர். அது உண்மையே. ஆனால் தொட அஞ்சும் கையால் கொடுக்கப்படும் மருந்து உள்ளத்துப் புண்ணை ஆற்றாது என்பதும் உண்மையே. வெளியேயிருந்து உதவும் வள்ளலாக அன்றி, அவர்களுள் ஒருவராக இருப்பதே தம் பணி என அவர் தெளிந்திருந்தார்.

சுடாத வெந்நீர்

1884 திசம்பரில் ஒரு நாள், நெடும்பயணம் முடித்துத் திரும்பிய தமியான் களைப்பாறக் கால்களை நீரில் வைத்தார். நீர் கொதித்துக்கொண்டிருந்தது; தோல் கொப்புளித்தது; ஆனால் அவருக்கு வலிக்கவில்லை. உணர்ச்சியிழத்தல் இந்நோயின் அடையாளம் என்பதைப் பதினோர் ஆண்டுகள் நோயாளரிடையே வாழ்ந்தவருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 1885-இல் ஆர்னிங் என்னும் மருத்துவர் ஆய்ந்து நோயை உறுதி செய்தார்.

அவர் மொலோக்காயில் இறங்கிய அதே 1873-ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நோய் சாபமன்று, கிருமியின் செயலே என்பதை அறிவியல் காட்டத் தொடங்கிய காலம் அது. ஆனால் மருந்து இன்னும் பிறக்கவில்லை.

உடல் வேதனையினும் பெரிய வேதனை வேறு இடத்திலிருந்து வந்தது. தமியான் குறையற்றவர் அல்லர். பிடிவாதம் மிக்கவர், விரைவில் சினங்கொள்பவர், ஒன்றை நினைத்தால் அதனை முடிக்குமட்டும் பிறரை ஓயவிடாதவர். உடன் பணியாற்ற வந்த குருக்கள் சிலரோடு அவருக்கு ஒத்துப் போகவில்லை. அயல்நாட்டுச் செய்தித்தாள்கள் அவரைப் புகழ்ந்து எழுத, இங்கிலாந்திலிருந்த வேற்றுத் திருச்சபைக் குரு ஒருவர் பெருந்தொகை திரட்டி அனுப்ப, ஹொனலூலுவிலிருந்த அவருடைய மேலாளர்களோ அவர் புகழ் தேடுகிறார் என்று ஐயுற்றனர். ஒப்புரவுக்கேனும் ஒரு குருவை அனுப்புங்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் வேண்டியும், அவ்வேண்டுகோள் நெடுநாள் நிறைவேறவில்லை. தாயகத்திலோ, மகனின் நோயைப் பற்றிய செய்தி முதிய தாயை எட்டியது. 1886-இல் அவ்வம்மையார் மறைந்தார். நோய், தனிமை, ஐயம், தாயின் பிரிவு ஆகிய நான்கும் ஒருங்கே வந்த காலம் அது. இறைவன் தம்மைக் கைவிட்டானோ என்னும் இருளும் சில வேளைகளில் அவர் உள்ளத்தைக் கவிந்தது.

அந்நிலையில் அவர் செய்தது ஒன்றே. முன்னைவிட விரைந்து வேலை செய்தார். எஞ்சிய நாட்கள் குறைவென்பதால் ஆலயத்தை விரிவாக்கும் பணியைத் துரிதப்படுத்தினார். மெல்லத் துணைவரும் வந்தனர். 1886-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய யோசேப்பு டட்டன் என்பவர் வந்து சேர்ந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1888-இல் கொன்ரார்டி என்னும் பெல்ஜியக் குரு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் அன்னை மரியான் கோப் தம் சகோதரியருடன் வந்து பெண்களையும் சிறுமியரையும் பேணும் பொறுப்பை ஏற்றார்.

அவ்வாண்டின் இறுதியில் எட்வர்டு கிளிப்போர்டு என்னும் ஆங்கில ஓவியர் அவரைக் காண வந்தார். உருக்குலைந்த முகத்தோடிருந்த தமியானை அவர் வரைந்தார். இத்தீவை விட்டு நீங்கினால்தான் உடல் நலமாகும் என்றால் அந்நலம் தமக்கு வேண்டா என்னும் கருத்தைத் தமியான் அவரிடம் வெளியிட்டார். தம் மடல்களிலும், உலகிலுள்ள மறைப்பணியாளருள் மிக்க மகிழ்ச்சி உடையவர் தாமே என்னும் பொருள்பட எழுதினார். இச்சொற்களைக் கூறியவர் நலமாயிருந்த இளைஞர் அல்லர். விரல்கள் வீங்கி, குரல் கம்மி, சாவை எதிர்நோக்கியிருந்தவர். எனவே அவற்றை நாம் நம்பலாம்.

மறைவும் அதன் பின்னும்

1889 ஏப்பிரல் 15-ஆம் நாள் தந்தை தமியான் இயற்கை எய்தினார். அவருக்கு வயது 49. வந்த புதிதில் எந்தத் தாழை மரம் அவருக்குக் கூரையாயிருந்ததோ, அதன் நிழலிலேயே, தாம் அடக்கம் செய்த நோயாளர் நடுவே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைந்த பின்னும் பழி விடவில்லை. ஹொனலூலுவில் வாழ்ந்த ஹைடு என்னும் மறைப்பணியாளர், தமியான் முரடர், தூய்மையற்றவர், ஒழுக்கமும் ஐயத்திற்குரியது என்று ஒரு நண்பருக்கு எழுதிய மடல் அச்சேறியது. தமியான் மறைந்த சில வாரங்களுக்குள் மொலோக்காய்க்குச் சென்று ஒரு வார காலம் தங்கி வந்திருந்தார் புகழ்பெற்ற எழுத்தாளர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன். ஹைடின் மடலைப் படித்துச் சினங்கொண்ட அவர், 1890-இல் சிட்னி நகரிலிருந்து ஒரு திறந்த மடல் வெளியிட்டார். ஸ்டீவன்சன் கத்தோலிக்கர் அல்லர். தமியானின் குறைகளை அவர் மறைக்கவும் இல்லை. அங்கு வாழ்ந்தோரிடமே கேட்டறிந்த குறைகளை எடுத்துக் கூறிவிட்டு, வசதியான இல்லங்களில் அமர்ந்திருந்தோர் செய்யாததை அக்குறைகளுடைய மனிதர் செய்தார் என்பதை எடுத்துக்காட்டினார். குறையற்றவரைப் போற்றுவதைவிட, குறையுள்ளவர் தம் குறையைக் கடந்து ஆற்றிய தொண்டைப் போற்றுவது நமக்குப் பயன்தருவது. ஏனெனில் நாமும் குறையுள்ளவர்களே.

தம்பியை முன்னே அனுப்பிய அண்ணன் பம்பீல், முதிய வயதில் 1895-இல் மொலோக்காய்க்கு வந்து சில காலம் பணியாற்றினார். 1936-இல் தமியானின் உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு லூவேன் நகரில் வைக்கப்பட்டது. 1995 சூன் 4-ஆம் நாள் பிரசல்சு நகரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அதன் பின்னர் அவருடைய வலக்கை மட்டும் மொலோக்காயின் பழைய கல்லறைக்கே திரும்பியது. புண் கழுவிய கை அது. பெட்டி செய்த கை அது. 2009 அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1941-இல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து பயன்பட்டதிலிருந்து தொழுநோய் தீரும் நோயாயிற்று. பின்னர் வந்த கூட்டு மருந்து முறையால் அதனை முழுமையாகக் குணப்படுத்த இயலுகிறது. ஆயினும் ஹவாயில் பிரித்து வைக்கும் சட்டம் 1969-இல்தான் நீங்கியது. அதற்குள் மொலோக்காய்க்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 8,000 பேர். மருந்து வந்த பின்னும் அச்சம் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. கிருமியை வெல்வதைவிட அச்சத்தை வெல்வது அரிது என்பதை இது உணர்த்தும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்பொழுது வருவோம். தமியான் இறைவனின் ஆசி பெற்றவரா? பதினாறு பேறுகளை அளவுகோலாகக் கொண்டால் அவருக்குப் பொருளில்லை, மக்கட்பேறில்லை, நீண்ட ஆயுளில்லை, நோயின்மை முற்றிலும் இல்லை. புகழ் ஒன்று வந்தது. அதுவும் வாழ்நாளில் அவருக்குத் தொல்லையாகவே வந்தது.

ஆயின் மலைப்பொழிவின் அளவுகோல் வேறு. இறைவனின் ஆசி என்பது ஒருவன் பெற்றுத் தன் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. அது அவன் வழியே பிறருக்குப் பாயும் நீர் போன்றது. பள்ளத்தாக்கில் தேங்கிக் கிடந்த நீரைத் தமியான் குழாய் பதித்து ஊருக்குள் கொணர்ந்தார். அவ்வாறே தம் வாழ்வையும் ஒரு குழாயாக்கினார். துயருறுவோர் பேறு பெற்றோர் என்பதன் பொருள், துயரம் நல்லது என்பதன்று. துயருறுவோரை இறைவன் கைவிடுவதில்லை. அவர்களை நாடிச் செல்வோரையும் அவன் கைவிடுவதில்லை என்பதே அதன் பொருள். சாபத்திற்குரிய இடம் என்று உலகம் விலகிய நிலமுனையில், இவ்விடத்தை விட்டுப் போகேன் என்று மகிழ்ச்சியோடு கூறிய ஒருவர் இருந்தார். அம்மகிழ்ச்சியே அவர் பெற்ற பேறு.

நாம் எல்லோரும் மொலோக்காய்க்குச் செல்ல வேண்டுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒதுக்கப்பட்ட ஒரு மூலை இருக்கத்தான் செய்கிறது. அம்மூலையில் தனித்திருப்பவர் அருகே சென்று அமர்ந்து, ஒரே இலையில் பகிர்ந்து உண்ணும் துணிவு நமக்கு உண்டாயின், தமியானின் வரலாற்றை நாம் படித்ததற்குப் பயன் உண்டு.